அறிதலும் அருளும்

கருவறையை விட்டுக் காலத்திற்கு முன்பே வெளிவந்துவிட்ட குழந்தையைக் குறித்து நம் ஊர்ப்புறங்களில் ஒரு நம்பிக்கை உண்டு. ஏழாம் திங்களில் பிறந்த பிள்ளை பிழைத்துக்கொள்ளும். எட்டாம் திங்களில் பிறந்தது பிழைக்காது என்பர். தருமபுரிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து வளர்ந்த நாம் இதனைப் பாட்டிமார் வாயிலாகப் பன்முறை கேட்டிருக்கிறோம். அறிவியல் இதனை ஒப்புவதில்லை. தாயின் வயிற்றில் தங்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு ஆதாயமே என்பது அதன் முடிபு. ஆயினும் அந்த மூதாட்டியரை எள்ளி நகையாட நாம் துணியோம். ஒன்றும் செய்ய இயலாத இடத்தில் நிற்கும் மனிதன் எண்ணிக்கையில் பற்றுக்கோடு தேடுகிறான். அன்று விரல்விட்டு ஏழு, எட்டு என்று எண்ணினார்கள். இன்று கண்ணாடித் திரையில் எண்கள் ஓடுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு எத்தகையது என்னும் வினா நம்மை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக விட்டபாடில்லை. அவ்வினாவையே இம்மலரில் அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

பெங்களூரிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்வோருக்குப் பொம்மசந்திராவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியைக் கடந்தால் தொழிற்பேட்டை. அதனை ஒட்டியே மருத்துவமனைகள். 2000-ஆம் ஆண்டை ஒட்டி டாக்டர் தேவி செட்டி அவர்கள் இங்கே நாராயண ஹிருதயாலயாவைத் தோற்றுவித்ததிலிருந்து, இயந்திரங்களின் ஊராக இருந்த இது நோயாளிகளின் ஊராகவும் ஆயிற்று. இன்னும் சில கல் தொலைவு சென்றால் அத்திப்பள்ளி, அதற்கப்பால் தமிழகம். கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், திருப்பத்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து பிழைப்பு நாடி வந்த நம் மக்கள் ஹெப்பகோடியிலும் சந்தாபுரத்திலும் வாடகை வீடுகளில் நிறைந்திருக்கிறார்கள். நம் தங்கையின் கணவரும் அத்தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் பணிபுரிபவர். 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை ஓடுகிறது. நாம் கூறப்போகும் நாட்களிலோ அது ஓடத் தொடங்கியிருக்கவில்லை. நகரின் நடுவே உள்ள நம் அலுவலகத்திலிருந்து அங்கே போய்ச் சேர மாலை வேளையில் இரண்டு மணி நேரம் ஆகும்.

2023-ஆம் ஆண்டு ஆவணித் திங்களில் நம் தங்கைக்கு இருபத்தேழாம் வாரத்திலேயே பிரசவம் ஆயிற்று. ஆண் குழந்தை. எடை ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. ஓசூர்ச் சாலையில் உள்ள ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில், கண்ணாடிப் பெட்டிக்குள், செயற்கைச் சுவாசக் குழாயோடு கிடந்த அவ்வுயிரைக் கண்டபோது, மனிதக் குழந்தை இவ்வளவு சிறிதாகவும் இருக்க இயலுமோ என்று திகைத்தோம். தங்கை அறுவை செய்து கொண்டு மேல்மாடியில் படுத்திருந்தாள். மைத்துனர் பணம் புரட்டுவதற்காக ஓடியிருந்தார். நடைகூடத்தில் நின்றவர் நாம் ஒருவரே.

மருத்துவ அம்மையார் நம்மிடம் வந்தார். பிறந்த முதல் மூன்று நாட்களே கண்டம் என்றார். இத்தகைய குழந்தைகளின் மூளையில் மெல்லிய இரத்த நாளங்கள் பிய்ந்து கசிவதுண்டு. பெரும்பாலும் அது அந்த மூன்று நாட்களுக்குள்ளேயே நேரும். மூளைக்கு உயிர்வளி எவ்வளவு கிடைக்கிறது என்று இடைவிடாது காட்டும் ஒரு கருவி தம்மிடம் உண்டு. நெற்றியில் ஒரு பட்டை ஒட்ட வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் ஆகும் என்றார். அதோடு நில்லாமல், "இதை வைப்பதால் குழந்தைக்கு நன்மை என்று நான் உறுதி கூற மாட்டேன். அளவு தெரியும், அவ்வளவுதான். உங்கள் விருப்பம்" என்றும் சொன்னார். அத்துணை நேர்மையான சொல்லை நாம் எந்த அலுவலகத்திலும் கேட்டதில்லை. அன்று அது நமக்கு எரிச்சலையே தந்தது. நன்மை இல்லாவிட்டால் ஏன் கேட்கிறார்? நன்மை உண்டென்றால் ஏன் மழுப்புகிறார்? "வையுங்கள்" என்று உடனே கூறிக் கையெழுத்திட்டோம்.

அக்கருவி செய்வது யாது என்பதைப் பின்னரே கற்றோம். இருட்டில் டார்ச்சு விளக்கை உள்ளங்கையால் பொத்தினால் விரல்கள் சிவந்து ஒளிர்வதைச் சிறுவயதில் கண்டு களிக்காதவர் இலர். சிவப்பு ஒளிக்கும், கண்ணுக்குப் புலனாகாத அதன் அண்டை வீட்டுக்காரனாகிய அகச்சிவப்பு ஒளிக்கும் தசையும் எலும்பும் ஓரளவு வழிவிடுகின்றன. பச்சிளங்குழந்தையின் மெல்லிய மண்டையோடு நன்றாகவே வழிவிடுகிறது. உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஒருவிதமாகவும், அதனை இறக்கிவிட்டு வெறுங்கையோடு திரும்பும் ஹீமோகுளோபின் வேறுவிதமாகவும் இவ்வொளியை விழுங்கும். இந்த வேறுபாட்டைக் கொண்டு மூளையின் உயிர்வளி நிலையை வெளியிலிருந்தே அறியலாம் என்று அமெரிக்காவில் ஃபிரான்ஸ் யோப்ஸிஸ் என்பார் 1977-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். எண்பதுகளில் அம்முறை குறைமாதக் குழந்தைகளின் நெற்றிக்கு வந்தது.

விரலிலோ பாதத்திலோ மாட்டுகின்ற ஆக்சிமீட்டரை, கொரோனாக் காலத்திற்குப் பின் அறியாதவர் இல்லை. ஜப்பானியரான தகுவோ அவோயாகி 1974-இல் வகுத்த வழியில் அது இயங்குகிறது. அது காட்டுவது தமனி இரத்தத்தில் உள்ள உயிர்வளி. நெற்றிப்பட்டை காட்டுவதோ வேறு. அது அளக்கும் இரத்தத்தில் பெரும்பங்கு மூளையைச் சுற்றித் திரும்பும் இரத்தம். எழுத்தர் தொழில் செய்யும் நமக்கு இதனைக் கணக்கு வழியில் விளங்கிக்கொள்ளுதல் எளிதாயிற்று. கருவூலம் ஒரு துறைக்கு அனுப்பிய தொகை எவ்வளவு என்பது ஒரு கணக்கு. செலவு போக அத்துறையில் எஞ்சி நிற்பது எவ்வளவு என்பது மற்றொரு கணக்கு. நெற்றிப்பட்டை இரண்டாவது கணக்கைக் காட்டுகிறது. ஏறத்தாழ 55 முதல் 85 விழுக்காடு வரை இருந்தால் ஏற்கத்தக்கது என்று ஆய்வாளர் வரையறுத்துக்கொண்டனர்.

எஞ்சிய தொகை குறைந்தால் காரணம் என்ன? வரவு குறைந்திருக்கலாம், செலவு மிகுந்திருக்கலாம். இரத்தச் சோகையாக இருக்கலாம். இரத்த அழுத்தம் வீழ்ந்திருக்கலாம். செயற்கைச் சுவாசம் வேகமாக ஓடிக் கரியமில வாயுவை அளவுக்கு மீறி வெளியேற்றினால் மூளையின் இரத்த நாளங்கள் சுருங்கிவிடும்; அதுவும் காரணமாகலாம். எஞ்சிய தொகை மிகுந்திருந்தாலோ, மகிழ்ச்சி கொள்ளற்க. மார்ச்சு மாத இறுதியில் ஒதுக்கீடு முழுவதும் செலவாகாமல் கிடக்கும் துறையைச் சிக்கனமான துறை என்று எவரும் கூறார். அது வேலை செய்யாத துறை. அவ்வாறே, அடிபட்ட மூளை உயிர்வளியை வாங்கிக்கொள்ள மாட்டாமல் திருப்பியனுப்பினாலும் எண் உயர்ந்தே நிற்கும். ஆகவே எண் ஒரு விடை அன்று. அது கேட்கப்படவேண்டிய வினாக்களின் தொடக்கம். இஃது அன்று நமக்குத் தெரியாது. 72 என்றால் உயிர் வந்தது. 61 என்றால் உயிர் போயிற்று.

இரண்டாம் நாள் இரவு அவ்வெண் 50-க்கும் கீழ் இறங்கிற்று. மணி ஒலித்தது. செவிலியர் விரைந்தனர். மருத்துவர் வந்து இரத்தத்தைச் சோதித்துச் சுவாசக் கருவியின் வேகத்தைக் குறைத்தார். கால்மணி நேரத்தில் எண் மெல்ல மெல்ல ஏறி 66-இல் நின்றது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற நாம் கைகூப்பினோம். நாம் கையெழுத்திட்டிராவிட்டால் இக்குழந்தையின் கதி என்னவாகியிருக்கும் என்று மைத்துனரிடம் பெருமையோடு கூறியதும் உண்மை.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அன்றிரவு அக்கருவி இல்லாதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும்? மூளைக்குக் கேடு நேர்ந்திருக்கலாம். தானாகவே அளவு ஏறியும் இருக்கலாம். விடியற்காலையில் வழக்கமாக எடுக்கும் இரத்தச் சோதனையே அதைக் காட்டியுமிருக்கலாம். எது உண்மை என்று அறிய வழியே இல்லை. ஒரே குழந்தை ஒரே இரவைக் கருவியோடு ஒருமுறையும் கருவியின்றி ஒருமுறையும் வாழ்ந்து காட்ட இயலாது. அன்பு எவ்வளவு ஆழமாயினும் ஒரு குழந்தையின் தொட்டிலருகே நின்று இதனைக் கற்றுக்கொள்ள மாட்டாது. ஓராயிரம் குழந்தைகளை இரு கூறாக்கி, ஒரு கூற்றுக்கு வைத்தும் மறு கூற்றுக்கு வையாமலும் பார்த்தாலன்றி விடை கிடையாது.

இதைக் கேட்டதும் நெஞ்சு பதறுகிறதன்றோ? நமக்கும் பதறிற்று. சீட்டுக் குலுக்கிக் குழந்தைகளைப் பிரிப்பதா? தீங்கு செய்யாத ஒரு கருவியைச் சிலருக்கு மறுப்பதா? அருள் உடையார் செய்யும் செயலா இது? இவ்வினாவுக்கு மருத்துவ வரலாறு சொல்லும் விடை கொடியது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1942-இல் பாஸ்டன் நகரத்துக் கண் மருத்துவர் டெர்ரி, குறைமாதத்தில் பிறந்து பிழைத்த குழந்தைகளின் கண்ணுக்குள் ஒரு வெண்படலம் தோன்றிப் பார்வையை அழிப்பதாக எழுதினார். அடுத்த பத்தாண்டுகளில் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் இவ்வாறு பார்வை இழந்தனர் என்பது மதிப்பீடு. வியப்பு யாதெனில், வசதியற்ற மருத்துவமனைகளில் இந்நோய் அரிது. செல்வம் மிக்க, புதிய காற்றுப்புகாப் பெட்டிகள் வாங்கிய மருத்துவமனைகளிலேயே மிகுதி. காரணம் பிராணனைக் காக்கும் உயிர்வளியேதான். குழந்தை நீலம் பாய்ந்திருந்ததைக் காணப் பொறாத மருத்துவர்கள் தாராளமாக அதனை ஊட்டினர். அது விழித்திரையின் வளரும் நாளங்களைக் கெடுத்தது. மெல்போர்ன் நகரத்து மருத்துவ அம்மையார் கேட் கேம்பல் 1951-இல் இந்த ஐயத்தை எழுப்பினார். அதே ஆண்டு வாஷிங்டனில் ஆர்னால் பாட்ஸ் என்னும் இளம் மருத்துவர், ஒரு சாரார்க்கு மிகுதியாகவும் மறுசாரார்க்குத் தேவையளவு மட்டுமாகவும் உயிர்வளி கொடுத்துப் பார்க்க முனைந்தார். அரசு பணம் தர மறுத்தமையால் தம் உடன்பிறந்தாரிடம் கடன் பெற்றார்.

அந்த ஆய்வின்போது நிகழ்ந்ததை நினைக்குந்தோறும் நமக்கு மெய் சிலிர்க்கிறது. குறைவாக உயிர்வளி பெறும் குழந்தைகள் இறந்துவிடும் என்று அஞ்சிய செவிலியர் சிலர், இரவில் எவரும் காணாதபோது, அக்குழந்தைகளுக்கும் குழாயை முழுதாகத் திறந்து வைத்தார்களாம். அவர்கள் தீயவர் அல்லர். ஒழுங்கை மீறி, வேலை போகும் அபாயத்தையும் ஏற்று, இரக்கத்தால் உந்தப்பட்டே அக்கைகள் குழாயைத் திருகின. அவ்விரக்கம் கண்ணைப் பறித்தது. 1953-54-இல் 18 மருத்துவமனைகள் கூடி நடத்திய பெரிய ஆய்வு ஐயத்தைத் தீர்த்து வைத்தது.

தீர்ந்ததா? இல்லை. உயிர்வளியைக் கண்டு அஞ்சிய மருத்துவ உலகம் அடுத்துக் கஞ்சத்தனம் காட்டிற்று. பார்வை இழப்போர் குறைந்தனர். மூச்சின்றி இறப்போர் மிகுந்தனர். காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு பார்வைக்கும் ஏறத்தாழ 16 உயிர்கள் விலையாகியிருக்கலாம் என்று இங்கிலாந்தின் கென்னத் கிராஸ் 1973-இல் கணக்கிட்டார். 2010-இல் அமெரிக்காவில் 1,316 குழந்தைகளைக் கொண்டு வெளிவந்த 'சப்போர்ட்' ஆய்விலும் இதே இழுபறியே. உயிர்வளி அளவைச் சற்றுத் தாழ்வாக வைத்த குழந்தைகளில் இறந்தோர் 19.9 விழுக்காடு, சற்று உயர்வாக வைத்தவர்களில் 16.2. பிழைத்தவர்களில் கடும் விழித்திரை நோய் கண்டோர் முறையே 8.6, 17.9. கண்ணா, உயிரா என்று கேட்கும் இத்தராசை எந்தப் பெற்றோர் கையில் கொடுப்பது? அந்த ஆய்வின் ஒப்புதல் படிவங்களில் அபாயங்கள் உள்ளவாறு எழுதப்படவில்லை என்று அமெரிக்க அரசு அலுவலகம் ஒன்று 2013-இல் கண்டித்தது. கண்டனம் சரியே என்பது நம் கருத்து. தெரியாது என்று ஒப்புக்கொண்டு ஆராய்வது அறம். தெரியாது என்பதைப் பெற்றோரிடம் மறைப்பது அறம் ஆகாது.

நெற்றிப்பட்டைக்கு வருவோம். கோபன்ஹேகன் நகரத்துப் பேராசிரியர் கோர்ம் கிரைசன் முன்னின்று நடத்திய 'சேஃப்பூஸ்சி' ஆய்வுகள் இத்துறையில் தலையானவை. 2015-இல் வெளிவந்த இரண்டாம் கட்டத்தில் 166 குழந்தைகள். கருவியின் எண்ணைப் பார்த்துச் சிகிச்சையை மாற்றினால் மூளை உயிர்வளிக் குறைவில் கிடக்கும் நேரம் வெகுவாகக் குறைகிறது என்று அது மெய்ப்பித்தது. அப்புறம் என்ன, எல்லோருக்கும் ஒட்டிவிடலாமே என்று நம்மைப் போன்றவர் கூறியிருப்பர். அவர்கள் அவ்வாறு கூறவில்லை. எண் திருந்தியது, குழந்தை திருந்தியதா என்று கேட்டனர். 17 நாடுகளில் 70 மருத்துவப் பிரிவுகளில், இருபத்தெட்டு வாரத்திற்கு முன் பிறந்த 1,601 குழந்தைகளை முதல் மூன்று நாள் ஆராய்ந்தனர். 2023 ஏப்ரலில் முடிவு வந்தது. கருவி வைத்தவர்களில் இறப்போ கடுமையான மூளைக் கேடோ கண்டவர் 35.2 விழுக்காடு, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 34.0. வேறுபாடு இல்லை என்றே பொருள். அதே ஆண்டு ஆஸ்திரியர் தலைமையில், பிறந்த முதல் பதினைந்து நிமிடங்களுக்கு மட்டும் இக்கருவியைப் பயன்படுத்திய ஆய்வு 607 குழந்தைகளோடு வெளிவந்தது. அதில் கருவியின் பக்கம் சற்றுச் சாய்வு தெரிந்தது. ஆனால் தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவுக்கு அச்சாய்வு உறுதியாக இல்லை.

ஆக, நம் மருத்துவ அம்மையார் மழுப்பவில்லை. நான்கு திங்களுக்கு முன் வெளிவந்த முடிவை அறிந்து, அதனை ஒளிக்காமல் சொன்னார். கேட்கும் நிலையில் நாம் இல்லை.

இன்னொன்றும் உண்டு, கறுத்த தோல் உடைய நாம் அதைக் கருதாதிருக்க முடியாது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கருநிறத்தார்க்கு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டிவிடுகிறது என்று 2020-இல் அமெரிக்க ஆய்வொன்று எடுத்துரைத்தது. கருவி நலம் என்று காட்ட, உண்மையில் உயிர்வளி தாழ்ந்திருந்த நோயாளிகள் வெள்ளையரைவிடக் கறுப்பரில் ஏறத்தாழ மும்மடங்கு. பெரியவர்களிடம் கண்ட முடிவு அது. நெற்றிப்பட்டையும் தோலைக் கடந்து செல்லும் ஒளியையே நம்பியுள்ளது. ஒரு நிறுவனத்தின் பட்டைக்கும் மற்றொரு நிறுவனத்தின் பட்டைக்கும் எண் வேறுபடுவதும் தெரிந்த செய்தி. எண் என்றால் தெய்வ வாக்கு என்று எண்ணிவிடாதிருக்க இவை போதும்.

இனி, நாம் இதுவரை எவரிடமும் கூறாத ஒன்றை எழுதுகிறோம். அன்று நடைகூடத்தில் "வையுங்கள்" என்று நாம் சொன்னது குழந்தையின்பால் உள்ள அன்பினால் என்றே வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். நாமும் நெடுநாள் அவ்வாறே நம்பியிருந்தோம். உண்மை வேறு. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளோடு வாழ்பவர் நாம். நாளை தணிக்கைக்காரர் வினா எழுப்பினால் நம் பக்கத்தில் குறை இருக்கலாகாது என்னும் எண்ணம் நம் குருதியில் ஊறிவிட்டது. ஒரு செயல் பயன் தருமா என்பதைவிட, செய்ததற்குத் தாளில் சான்று உண்டா என்பதே நமக்கு முதல் வினா. அன்றும் அதுவே. குழந்தைக்கு ஏதேனும் நேர்ந்தால், மாமன் காசு பார்த்தான் என்று நாளை ஒரு சொல் வரக்கூடாது. அவ்வளவே. நெற்றிப்பட்டையை நாம் ஒட்டச் சொன்னது குழந்தையின் நெற்றியில். அது காத்தது நம் பெயரை.

அன்பிலும் இப்படி ஒரு தணிக்கை அச்சம் கலந்திருக்கக்கூடும் என்பதே இக்கட்டுரையில் நாம் கூற விரும்புவது. அறிந்துகொள்வது கடமை என்பர் பெரியோர். மறுக்கவில்லை. ஆனால் யாருக்காக அறிகிறோம் என்று கேட்டுக்கொள்ளவும் வேண்டும். அறிந்தபின் செய்யத்தக்கது ஒன்று இருந்தால் அறிதல் அருளின் கருவி ஆகிறது. செய்யத்தக்கது இன்னதென்று எவரும் அறியாத இடத்தில், அறிதல் அறிபவனுக்கு ஆறுதலாக மட்டுமே நின்றுவிடலாம். ஆறுதல் குற்றமா என்று கேட்பீராயின், குற்றம் அன்று. ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு.

நாம் கொடுத்த விலையைச் சொல்கிறோம். பட்டைகளுக்கும் கருவிக்கும் ஆன தொகை நம் மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. நம் தங்கை மத்திய அரசின் மருத்துவத் திட்டத்தில் நம்மைச் சார்ந்தவர் அல்லள், ஆகவே கைக்காசு. ஐந்தாம் நாள் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தை உள்ளே, தாய் சந்தாபுரத்தில். மருத்துவமனையை ஒட்டிய விடுதியில் அவள் தங்கியிருக்கலாம். அதற்குப் பணம் இல்லை என்று முடிவு செய்தவர்களில் நாமும் ஒருவர். நாள்தோறும் ஒருமுறை ஆட்டோவில் வந்து, பாலைப் பிழிந்து கொடுத்துவிட்டு, கண்ணாடி வழியே பார்த்துவிட்டுத் திரும்புவாள். "அண்ணா, இன்னைக்கு எவ்வளவு காட்டுது?" என்றே கேட்பாள். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் அவளிடமிருந்து போய்விட்டது. பட்டையை எடுத்த பின்னரும் கூட அவ்வாறே கேட்டாள். அந்தக் கேள்வியை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் நாமே.

அவள் அருகில் இருந்திருந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைப்போருக்கு ஒரு செய்தி. 2021-இல் உலகச் சுகாதார நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் ஐந்து மருத்துவமனைகள். நம் நாட்டில் புது தில்லியின் சப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் எடையுள்ள 3,211 குழந்தைகள். ஒரு சாராரைப் பிறந்தவுடனேயே தாயின் வெற்று மார்பில் சேர்த்துக் கட்டிவைத்தனர். கங்காரு முறை என்பர். மறுசாராரை வழக்கம்போல் உடல்நிலை சீரான பின்னரே தாயிடம் கொடுத்தனர். இருபத்தெட்டு நாட்களுக்குள் இறந்தவர் முதல் சாராரில் 12.0 விழுக்காடு, மறுசாராரில் 15.7. வேறுபாடு அத்துணைத் தெளிவாயிருந்தமையால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். இதற்கு வேண்டுவன ஒரு துணி, ஒரு நாற்காலி, தாய் தங்க ஓர் இடம். நம் மருமகன் அந்த எடையை எட்டாதவன். முதல் வாரம் சுவாசக் குழாயோடு இருந்தவன். ஆகவே இவ்வெண்களை அவனுக்கு அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும், தாய்க்கு இடம் தேடுவதற்கு முன் பட்டைக்குக் கையெழுத்திட்ட நம் கையை நாம் இன்றும் பார்த்துக்கொள்கிறோம்.

இதனால் கருவி வேண்டா என்பது நம் கருத்தன்று. இதய அறுவை செய்யும்போதும், பிற இடங்களிலும், மருத்துவர் இதே ஒளியின் துணையை நாடுகின்றனர். எந்தக் குழந்தைக்கு, எந்த நேரத்தில், எந்த எண்ணில் என்ன செய்ய வேண்டும் என்பது ஒருநாள் தெளிவாகலாம். அத்தெளிவு வருமாயின், சீட்டுக் குலுக்கலில் இருபுறமும் நின்ற அந்த 1,601 குழந்தைகளாலும் அவர்களைப் போன்றோராலுமே வரும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் இறந்தோ கேடுற்றோ போனவர். அட்டவணையில் ஓர் எண்ணாவது இழிவு என்று நாம் நினைத்ததுண்டு; இப்போது அவ்வாறு நினைப்பதில்லை. புறநானூற்றின் 74-ஆம் பாடல், இறந்து பிறந்த குழவியையும் உருவமற்ற தசைப்பிண்டத்தையும் மனிதக் கணக்கிலிருந்து விலக்காத பழைய மரபைக் குறிக்கிறது. வாளால் கீறிய அம்மரபின் வழி இன்று நமக்கு ஏலாது. கணக்கில் சேர்த்துக்கொண்ட உள்ளம் ஏற்கத்தக்கதே. 2020-இல் நம் நாட்டில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 30 லட்சம் என்கிறது ஒரு மதிப்பீடு, உலகிலேயே மிகுதி. அவர்களில் பெரும்பாலோர் எந்த ஆய்விலும் இடம்பெறாதவர்.

பொம்மசந்திராவைப் பற்றி இன்னும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். உயிர்வளியால் வரும் அந்தப் பழைய விழித்திரை நோய் நம் நாட்டில் இன்றும் உண்டு. மேலைநாட்டில் மிகச் சிறிய குழந்தைகளுக்கே வருவது, இங்கே ஓரளவு எடையுள்ள குழந்தைகளுக்கும் வருகிறது. உயிர்வளியைத் திறக்கத் தெரிந்த அளவுக்கு அளந்து கொடுக்கும் வசதி எல்லா ஊர்களிலும் இல்லாமையே முதற்காரணம். பிறந்த முப்பது நாட்களுக்குள் கண்ணைச் சோதித்தால் லேசர் சிகிச்சையால் பார்வையைப் பெரும்பாலும் காக்கலாம். ஆனால் சிற்றூர்களில் இதனை அறிந்த மருத்துவர் எங்கே? 2008-இல் நாராயண நேத்ராலயாவைச் சேர்ந்த டாக்டர் ஆனந்த் வினேகர் 'கிட்ராப்' என்னும் திட்டத்தைத் தொடங்கினார். பயிற்சி பெற்ற பணியாளர்கள் கையடக்கக் கேமராவோடு கர்நாடகத்தின் மாவட்டங்கள்தோறும் சென்று குழந்தைகளின் விழித்திரையைப் படம் எடுத்து அனுப்ப, தொலைவிலிருந்தே வல்லுநர் பார்த்துச் சொல்வர். அக்கண் மருத்துவமனையின் கிளை ஒன்று பொம்மசந்திராவிலேயே உள்ளது. இதுவும் கருவிதான், இதுவும் கண்காணிப்புதான். ஆனால் இங்கே படத்தைப் பார்த்தபின் செய்யவேண்டியது இன்னதென்று தெரியும்; செய்தால் குழந்தை பார்க்கும்.

நம் மருமகனையும் இருபத்தெட்டாம் நாள் கண் சோதனைக்கு உட்படுத்தினர். பின்னர் வீடு திரும்பியதும் மீண்டும் பொம்மசந்திராவுக்கு அழைத்துச் சென்றோம். அதற்குள் தங்கை அவனை நாள்தோறும் மார்பில் போட்டுக்கொள்ளத் தொடங்கியிருந்தாள். கூடத்தில் பத்துப் பன்னிரண்டு தாய்மார், துண்டில் சுற்றிய சிறு மூட்டைகளோடு வரிசையில் அமர்ந்திருந்தனர். கன்னடம், தெலுங்கு, இந்தி, தமிழ் எல்லாம் கேட்டன. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டதும் ஒவ்வொரு குழந்தையாக வீறிட்டது. பக்கத்தில் பேத்தியை மடியில் வைத்திருந்த மூதாட்டி கிருஷ்ணகிரிக்காரர் போலும். நம் தங்கையின் பக்கம் திரும்பி, "எத்தனை மாசத்துல பொறந்தான் தாயி?" என்று கேட்டார்.

"ஏழு நெறையறதுக்கு முன்னாடியே பாட்டி."

"ஏழா? அப்ப பயமில்ல. எட்டுன்னாத்தான் கண்டம்."

எடை, உயிர்வளி, இரத்த அளவு என்று ஒரு மாதத்து எண்களையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த நம் தங்கை, "ஆமாம் பாட்டி" என்று தலையசைத்துவிட்டு, அழுத குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டாள்.